‘ரைட்’ என்றால் வலதா? – மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, எல்லாரையும் போல எனக்கும் ஒரு கவிதை எழுதத்தான் ஆசை வந்தது. நிலா, மழை, பஸ் ஸ்டாப் என்று ஆரம்பித்தால் பக்கம் தானாக நிரம்பிவிடும். ஆனால் இந்த வருஷம் என்னைப் பாதித்த விஷயம் நிலாவும் இல்லை, மழையும் இல்லை. ஒரு இங்கிலீஷ் வாக்கியம்! ஐந்தே ஐந்து சொல்லை ஒழுங்காகப் புரிந்துகொள்ளாததால் ஒரு மனுஷனுக்கு ஷாக் அடித்தது. அந்த ஷாக்தான் என்னை 1946ல் காலமான ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். போரடிக்காது, பயப்படாதீங்க!

முதலில் ஷாக் கதை.

நான் மின்னியல் துறை. பத்தாவது வரை தமிழ் மீடியம். ஊர் பல்லடம் பக்கம். இங்கே ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி ரூமில் நாலு பேர் தங்கியிருக்கிறோம். முதலாம் ஆண்டு இங்கிலீஷில் எனக்கு அரியர் விழுந்தது. மெஷின்ஸ் லேப் வைவாவில் ‘வவுண்ட் ரோட்டர்’ என்பதை ‘வூண்ட் ரோட்டர்’ என்று வாசித்து, அர்த்தம் கேட்டதற்குக் காயம்பட்ட ரோட்டர் என்று சொல்லி, லேப் முழுக்கச் சிரிக்க வைத்தவன் நான்தான். கம்பி சுற்றிய ரோட்டரைக் காயப்படுத்திய புண்ணியவான்! அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். இங்கிலீஷ் வராவிட்டால் என்ன, மோட்டார் நமக்கு வரும் என்ற தைரியம்.

அந்தத் தைரியம் லீவில் உடைந்தது. ஒரு ரீவைண்டிங் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே டெஸ்ட் பெஞ்சுக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருந்தது. எர்த் தி ஃப்ரேம் பிஃபோர் டெஸ்டிங் என்று ஒரு வரி. ஹெல்ப்பர் அண்ணன் எட்டாவது வரை படித்தவர், வேலையில் புலி. அட்டையைக் காட்டி, என்னமோ போட்டிருக்குதே, என்ன தம்பி என்று கேட்டார். நான் டிப்ளமோ அல்லவா! எர்த் என்றால் பூமி, ஃப்ரேம் என்றால் சட்டம், டெஸ்டுக்கு முன்னால் எர்த் ஃப்ரேம் இருக்குதுங்கண்ணா, அதெல்லாம் ஏற்கெனவே கொடுத்தாச்சு என்று சொல்லிப்போட்டேன். அவர் நம்பினார். சப்ளை கொடுத்தோம். மோட்டாரில் இன்சுலேஷன் எங்கேயோ கீறியிருந்தது. வெறுங்காலோடு நின்றிருந்த அண்ணன் மோட்டார் பாடியில் கை வைத்தார். ஒரே தூக்கு! பின்னால் இருந்த கம்பிச் சுருள் மேலே போய் விழுந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். ஆனால் அரை மணி நேரம் அவர் கை மரத்துப் போய்க் கிடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. அட்டை முன்னால் நிறுத்தி, இந்த வரியில் முதல் சொல் என்ன வேலை செய்யுது என்று மட்டும் கேட்டார். எர்த் ஒரு நவுன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எர்த் என்பதற்கு முன்னால் ‘தி’ இல்லை, பின்னால்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஃப்ரேம்தான் பெயர்ச்சொல். எர்த் இங்கே வினைச்சொல், அதுவும் கட்டளை. ஃப்ரேமை எர்த் பண்ணு, அப்புறம் டெஸ்ட் பண்ணு! அவ்வளவுதான் விஷயம்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். தமிழில் நாம் எர்த் ‘பண்ணு’, டெஸ்ட் ‘பண்ணு’ என்று ஒரு பண்ணு சேர்த்து வினையாக்கிவிடுகிறோம். இங்கிலீஷில் அந்தப் பண்ணு கிடையாது. ஒரே சொல், சட்டையை மாற்றாமலே வேறு வேலைக்குப் போய் நிற்கும். நின்ற இடத்தை வைத்துத்தான் அது பெயரா வினையா என்று கண்டுபிடிக்கோணும். தமிழிலும் இது உண்டு. விளக்கை ஏற்று என்றால் விளக்கு ஒரு பொருள். பாடத்தை விளக்கு என்றால் ஒரு செயல். அதை நாம் யோசிக்காமலே புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷ் என்றதும் மட்டும் டிக்‌ஷனரியில் முதலில் போட்டிருக்கும் அர்த்தத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்!

மறுநாளே ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் ரோட்டில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனேன். இலக்கணப் புத்தகம் தேடித்தான் போனேன். பக்கத்து அலமாரியில் வாழ்க்கை வரலாறுகள். அதில் ஒரு பெயருக்கு முன்னால் ‘ரைட் ஆனரபிள்’ என்று போட்டிருந்தது. ரைட் ஆனரபிள் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ரைட் என்றால் வலது, ஆனரபிள் என்றால் மரியாதைக்குரிய... வலது பக்க மரியாதையா? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் நம் இங்கிலீஷ் சாரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கு விதை. இங்கே ரைட் என்பது வலதும் இல்லை, சரி என்பதும் இல்லை. ஆனரபிள் என்ற அட்ஜெக்டிவுக்கு முன்னால் நிற்கும் அட்வெர்ப். பழைய இங்கிலீஷ் வழக்கில் ‘மிக’ என்று அர்த்தம். அதைத்தான் அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் அழகாக ‘மகாகனம்’ என்று எழுதினார்கள். ஆனரபிள் கனம், ரைட் ஆனரபிள் மகாகனம்!

ரைட் என்ற இந்த ஒரே சொல் இங்கிலீஷில் பெயராக வரும், அப்போது உரிமை. வினையாக வரும், அப்போது சரிசெய், நிமிர்த்து. அட்ஜெக்டிவாக வரும், அப்போது சரியான. அட்வெர்பாக வரும், அப்போது மிக. சாஸ்திரியாரின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, இந்த நாலு வேலையும் அதில் இருப்பது எனக்குத் தெரிந்தது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வினை: சரிசெய்வது.

சீனிவாச சாஸ்திரியார் 1869 செப்டம்பர் 22ல், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தார். பேரில் இருக்கும் ‘வி’ அந்த ஊர்தான். அப்பா வைதிகம் பார்த்தவர், ஏழை. வீட்டில் சமஸ்கிருதம் புழங்கும்; இங்கிலீஷ் புழங்காது. நம்மில் பல பேர் வீடு மாதிரிதான், முதல் தலைமுறை இங்கிலீஷ். கும்பகோணத்தில் பள்ளிப்படிப்பு, அங்கேயே அரசுக் கல்லூரியில் பி.ஏ. 1888ல் பட்டம் வாங்கும்போது இங்கிலீஷிலும் சமஸ்கிருதத்திலும் முதல் வகுப்பு.

அப்புறம் வாத்தியார் உத்தியோகம். நம்ம பக்கத்து ஊரான சேலத்தில் முனிசிபல் காலேஜிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். பிரின்சிபால் ஒரு சொல்லை உச்சரித்த விதம் தப்பு என்று இந்த இளம் வாத்தியார் சொல்லிவிட்டாராம். பிரின்சிபாலுக்குக் கோபமான கோபம். பிறகு பார்த்தால் வாத்தியார் சொன்னதுதான் சரி என்று தெரிந்ததாம். வைவாவில் காயம்பட்ட ரோட்டர் சொன்ன எனக்கு இதைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அந்தக் காலத்தில் இங்கிலீஷ் இலக்கணம் என்றால் நெஸ்ஃபீல்டு. வெள்ளைக்காரர் எழுதியது, இந்தியா முழுக்கப் பள்ளிகளில் அதுதான் வேதம். அதிலேயே பிழை கண்டு திருத்தம் சொன்னவர் சாஸ்திரியார். பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். வகுப்பறையோடு நிற்கவில்லை. 1904ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம் தொடங்கியதில் முன்னின்றவர் அவர். டி.யு.சி.எஸ். என்று சென்னைக்காரர்கள் சொல்வார்களே, அதுதான். இலக்கண வாத்தியார் அரிசி பருப்புக் கணக்கும் பார்த்திருக்கிறார்!

1907ல் நல்ல வேலையை விட்டுவிட்டு, கோகலே பூனாவில் 1905ல் தொடங்கியிருந்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அதில் சேர்ந்தால் சொந்தமாகப் பணம் சேர்க்கக் கூடாது. சங்கம் கொடுப்பதை வைத்துக் குடும்பம் நடத்தோணும். 1915ல் கோகலே காலமானபோது, சங்கத்தின் தலைவர் பொறுப்பு சாஸ்திரியாரிடம் வந்தது. கும்பகோணத்துப் பையன் நாட்டின் பெரிய மேடைக்கு வந்துவிட்டார்.

சரிசெய்யும் வேலையில் அவர் செய்த மிகப் பெரிய காரியம் பல பேருக்குத் தெரியாது. காந்தியடிகள் தம் வாழ்க்கையை ‘சத்திய சோதனை’ என்று குஜராத்தியில் எழுதினார். மகாதேவ தேசாய் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். முதல் பதிப்பு 1927லும் 1929லும் இரண்டு பாகமாக வந்தது. 1940ல் திருத்திய பதிப்பு வந்தபோது, அதன் இங்கிலீஷை வரிவரியாகச் சீர்பார்த்துக் கொடுத்தவர் ஒரு பெரியவர். தம் பேரை எங்கும் போடக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால் முன்னுரையில் பேர் இல்லை. அந்தப் பெரியவர் சாஸ்திரியார்தான்!

நம் தமிழ் இலக்கணத்தில் பெயர், வினை, இடை, உரி என்று சொல் நாலு வகை. இதில் இடைச்சொல் தனியாக நிற்காது, தனியாக அதற்குப் பெரிய அர்த்தமும் கிடையாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் வாக்கியம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். சத்திய சோதனையின் இங்கிலீஷ் பதிப்பில் சாஸ்திரியார் இடைச்சொல்லாக நின்றார். பேரே இல்லை, ஆனால் வாக்கியம் நிற்கிறது. அசைன்மென்டில் காப்பியடித்துக் கொடுத்துவிட்டு முதல் பக்கத்தில் கலர் ஸ்கெட்சில் பேர் எழுதுகிறோமே, நாம் கொஞ்சம் யோசிக்கலாம்!

இரண்டாவது பெயர்: உரிமை.

1919 பிப்ரவரி. டில்லியில் மத்திய சட்டசபை. விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து உள்ளே போடும் ரௌலட் மசோதாக்கள் வருகின்றன. சாஸ்திரியார் அரசாங்கத்தோடு பேசித் தீர்ப்போம் என்கிற மிதவாதி. அவரே எழுந்து நின்று எதிர்த்துப் பேசினார். அவர் வாழ்நாளில் பேசியவற்றில் தலைசிறந்தது அந்தப் பேச்சுதான் என்பார்கள். ஆனாலும் மசோதா நிறைவேறியது. அந்த மார்ச்சில் சட்டமானது; ஏப்ரலில் ஜாலியன்வாலாபாக் நடந்தது. நல்ல இங்கிலீஷ் பேசினால் மட்டும் நியாயம் கிடைத்துவிடாது என்பதை அந்த வருஷமே நாடு பார்த்தது. இதை மறைக்காமல் சொல்லோணும்.

1921ல் லண்டனில் ஏகாதிபத்திய மாநாடு. பிரிட்டிஷ் பேரரசில் எங்கே குடியிருந்தாலும் இந்தியனுக்குக் குடியுரிமை உண்டு என்பதை ஏற்க வேண்டும் என்று வாதாடினார். தீர்மானம் வந்தது. தென்னாப்பிரிக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மறுவருஷம் 1922ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அந்த நாட்டு மந்திரிகளிடமும் மக்களிடமும் அதே விஷயத்தைப் பேசினார். அவர் போய்வந்த பிறகு 1925ல், ஆஸ்திரேலியா அங்கே வாழ்ந்த இந்தியர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை கொடுத்தது. கென்யாவில் கதை வேறு மாதிரி. 1923ல் அங்கே இந்தியர்களுக்குச் சமஉரிமை மறுக்கப்பட்டது. சாஸ்திரியார் மனம் உடைந்துபோனார். பேரரசின் நியாய உணர்வை நம்பிய மனுஷனுக்கு அது பெரிய அடி.

தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கி வைக்க ஒரு மசோதா வந்தது. அதைப் பற்றிப் பேசப் போன இந்தியத் தூதுக் குழுவில் அவரும் ஒருவர். பேச்சுவார்த்தை முடிந்து 1927ல் கேப் டவுன் ஒப்பந்தம் ஆயிற்று, மசோதா கைவிடப்பட்டது. அந்த ஒப்பந்தத்தை நடைமுறையில் பார்த்துக்கொள்ள இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாக யாரை அனுப்புவது என்றபோது, சாஸ்திரியார்தான் போகவேண்டும் என்று வற்புறுத்தியவர் காந்தியடிகள். அரசியலில் இருவரும் எதிரெதிர்க் கரை. மனசில் அண்ணன் தம்பி. 1927 நடுவிலிருந்து 1929 தொடக்கம் வரை அங்கே இருந்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும் என்று இந்தியர்களிடமே நன்கொடை திரட்டினார். 1929ல் டர்பனில் சாஸ்திரி காலேஜ் திறந்தது. வலங்கைமான் வாத்தியார் பேரில் ஆப்பிரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம்! அவருடைய இங்கிலீஷ் செய்த வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். அழகாகப் பேசியது காற்றோடு போகலாம். கட்டடம் நின்றது, பிள்ளைகள் படித்தார்கள்.

உரிமையைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. 1920களில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கமலா சொற்பொழிவு ஆற்றியபோது அவர் எடுத்துக்கொண்ட தலைப்பில் உரிமையோடு கடமையும் சேர்ந்தே நின்றது.

மூன்றாவது அட்ஜெக்டிவ்: சரியான. இங்கேதான் சிக்கல்!

வாக்கியத்தில் சரி தப்பு சொல்வது சுலபம். வாழ்க்கையில் சுலபம் இல்லை. சாஸ்திரியார் எப்போதும் சரியாக இருந்தார் என்று எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, வால்போஸ்டர் ஆகிவிடும்.

ஒத்துழையாமை, சட்டமறுப்பு இரண்டையும் அவர் ஏற்கவில்லை. நாடே ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது இவர் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். வெள்ளைக்காரனின் செல்லப்பிள்ளை என்று ஏச்சு வாங்கினார். ஆனால் 1931ல் காந்தியும் இர்வினும் பேசி ஒப்பந்தம் ஆக, நடுவே நின்று பாலம் போட்டவர்களில் இவரும் ஒருவர்.

1936 கடைசியில் மலாயாவுக்குப் போனார். ரப்பர் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்கும் பொறுப்பு. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் சனங்கள். 1937ல் அறிக்கை வந்தது. இங்கிருந்து ஆள் அனுப்புவதை நிறுத்த வேண்டியதில்லை என்று அது சொன்னது. தோட்ட முதலாளிகளுக்கு ரொம்ப மென்மையாக எழுதிவிட்டார் என்று பலத்த கண்டனம். அடுத்த வருஷமே, 1938ல், தோட்டக் கூலிகளாக ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கமே நிறுத்திவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்ட மனுஷன், அங்கே எடையில் தவறினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று நமக்கு ரொம்பச் சம்பந்தப்பட்டது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அந்தக் கட்டத்தில், விஞ்ஞானச் சொற்களை நம் மொழிகளில் எப்படிச் சொல்வது என்று முடிவுசெய்யச் சென்னை அரசாங்கம் ஒரு குழு போட்டு அவரைத் தலைவராக்கியது. கொஞ்சம் முன்னோட்டம் சொல்கிறேன். தமிழில் விஞ்ஞானச் சொல் உண்டாக்கும் முயற்சி நம்ம சேலத்திலேயே 1916ல் நடந்தது. அதைத் தொடங்கியவர்களில் ராஜாஜி முக்கியமானவர். 1938ல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ‘கலைச்சொற்கள்’ என்று ஒரு தொகுப்பே வெளியிட்டது. சாஸ்திரியார் குழு அந்தத் தமிழ்ச் சொற்களை விட்டுவிட்டு, சமஸ்கிருதச் சொற்களை எல்லா மொழிக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் சாய்ந்தது. தமிழறிஞர்கள் கொதித்து எழுந்தார்கள். கூட்டம், கண்டனம், தீர்மானம்! அப்புறம் அரசாங்கம் குழுவைத் திருத்தி அமைத்துத் தமிழறிஞர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இங்கிலீஷில் ஒரு சொல்லின் உச்சரிப்பு பிசகினாலும் பொறுக்காத பெரியவருக்கு, பட்டறையில் வேலை செய்யும் ஒரு தமிழனுக்கு எந்தச் சொல் சட்டென்று புரியும் என்பது அன்றைக்குக் கண்ணில் படவில்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, பாடமாகச் சொல்கிறேன். மின்தடை, மின்னோட்டம், மின்மாற்றி என்று இன்றைக்கு நாம் தமிழில் படிக்கிறோமே, அந்தச் சொற்கள் சும்மா வரவில்லை. ஒரு சொல்லின் அர்த்தம் அகராதியில் மட்டும் இல்லை, அதைக் காதில் வாங்குகிற ஆளிடமும் இருக்கிறது. என் ஹெல்ப்பர் அண்ணனுக்கு அந்த அட்டையைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார்!

நாலாவது அட்வெர்ப்: மிக. அதாவது பட்டம்.

1921ல் அவரைப் பிரிவி கவுன்சில் உறுப்பினர் ஆக்கினார்கள். அப்போதுதான் பேருக்கு முன்னால் ரைட் ஆனரபிள் ஏறியது. வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று உலகம் முழுக்கப் பேர். 1930ல் கம்பேனியன் ஆஃப் ஹானர் என்ற மரியாதை. ஆனால் 1928ல் ‘சர்’ பட்டத்தோடு ஒரு விருது வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அட்வெர்ப் எதுக்கு? இன்னொரு சொல்லுக்குக் கனம் கூட்டத்தான். எடுத்துவிட்டாலும் வாக்கியம் பெரும்பாலும் நிற்கும். பெயரும் வினையும் போனால்தான் வாக்கியம் செத்துப்போகும். நாம் குடியிருக்கும் ஆர்.எஸ்.புரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டி.பி. ரோடு என்கிறோம். திவான் பகதூர் ரோடு என்பதன் சுருக்கம் அது. திவான் பகதூர் என்பது வெள்ளைக்காரன் கொடுத்த பட்டம். தினமும் அதில் பஜ்ஜி தின்று நடக்கிற நமக்கு அந்தப் பட்டம் இரண்டு எழுத்து, அவ்வளவுதான். ஆர்.எஸ். என்பது இரத்தினசபாபதி என்கிற ஒரு மனுஷர் என்பதாவது எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டம் சுருங்கிவிடும். செய்த காரியம் தெருவாக, ஊராக, பள்ளிக்கூடமாக நிற்கும்.

கடைசிக் காலத்தில், 1944ல், சென்னையில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றித் தொடர்ந்து சொற்பொழிவு செய்தார். உடம்பு தளர்ந்த நேரத்திலும் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். 1946 ஜனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள், படுக்கையில் கிடந்த சாஸ்திரியாரை ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க ஒத்துப்போகாத இரண்டு பேர், வாழ்நாள் முழுக்க விட்டுக்கொடுக்காத இரண்டு பேர். அந்த வருஷம் ஏப்ரல் 17ல் சாஸ்திரியார் கண்ணை மூடினார். சுதந்திரத்துக்கு இன்னும் 16 மாதம் இருந்தது.

தோழர்களே! இதை எழுதி முடிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. நம்மில் பாதிப் பேர் இங்கிலீஷைக் கண்டு பயப்படுகிறோம். மீதிப் பேர் நாலு வார்த்தை வந்ததும் அலட்டிக்கொள்கிறோம். இரண்டும் தப்பு. இங்கிலீஷ் என்பது கௌரவமும் இல்லை, அவமானமும் இல்லை. அது ஒரு டூல். ஸ்பேனரைப் பார்த்துப் பயப்படுவோமா? எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று பார்ப்போம். அதே மாதிரி, ஒரு வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் போதும். முன்னால் ‘தி’ வருகிறதா? பக்கத்திலேயே ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது. ‘தி’க்கும் பெயருக்கும் நடுவே நிற்கிறதா? அது பெரும்பாலும் அடைமொழி. தி வவுண்ட் ரோட்டர் மாதிரி. எச்சரிக்கைப் பலகையில் வாக்கியத்தின் முதலிலேயே நின்று, பின்னால் ‘தி’ வருகிறதா? அது கட்டளை வினை, உடனே செய்! இந்த மூன்றைப் பழகிக்கொண்டாலே மேனுவலில் பாதி புரிந்துவிடும். எனக்கு அரியர் போனது இப்படித்தான்.

சாஸ்திரியாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய உச்சரிப்பை அல்ல. அது நமக்கு எட்டாது. ஒரு சொல்லைத் தப்பாக விடக் கூடாது என்ற அந்தப் பிடிவாதத்தைத்தான். அவர் சொல்லில் தவறினால் மானம் போகும். நாம் தவறினால், நம்மை நம்பி மோட்டாரில் கை வைக்கிறவரின் உயிர் போகும்.

போன மாதம் அந்தப் பட்டறைக்கு மறுபடியும் போனேன். ஹெல்ப்பர் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். பழைய அட்டைக்குப் பக்கத்தில், என் கையாலேயே பெரிய எழுத்தில் ஒரு தமிழ் அட்டை எழுதி ஒட்டினேன். முதலில் பாடியை எர்த் பண்ணு, அப்புறம் டெஸ்ட் பண்ணு. அண்ணன் வாசித்துப் பார்த்துவிட்டு, இது சரிங்க தம்பி என்றார்.

அந்தச் ‘சரி’ எந்த வகைச் சொல் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்!



– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை